வீட்டுக்கு அடியில இருந்து சாக்கடை எதுத்துக்கிட்டு வருதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு எங்க வீட்டு பாத்ரூம் ஜாலி (தரையில தண்ணி போற ஓட்டை மேல இருக்குற சல்லடை மூடி) வழியா சாக்கடை மேல வந்துச்சு. சென்னை மேற்கு மாம்பலம், தரைத்தளம், பழைய வீடு, ரோட்டை சுரண்டாம மேல மேலயே போட்டுப் போட்டு இப்ப எங்க வாசப்படி ரோட்டுக்கு ஒரு அடி கீழ கிடக்கு. அதுல இருந்து சொந்தக்காரங்க, தெருக்காரங்கன்னு யார் வீட்ல அடைச்சாலும் எனக்குத்தான் போன் வருது, ஏதோ நான் பிளம்பிங் படிச்ச மாதிரி. திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதனால கேக்குறதை எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

பாத்ரூம்ல திடீர்னு சாக்கடைத் தண்ணி ஏறுது, மொதல்ல என்ன பண்ணணும்?

தண்ணி புழங்குறதை நிறுத்துங்க. நீங்க மட்டும் இல்ல, மாடி வீட்டுக்காரங்களும்தான். இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. வெளிய போற வழி அடைச்சிருக்கும்போது மேல குளிக்கிற தண்ணி எங்க போகும், இருக்குறதுலயே தாழ்வான ஓட்டை எதுவோ அது வழியா வரும், அது பெரும்பாலும் தரைத்தளத்து பாத்ரூம் ஜாலிதான். எங்க வீட்ல அன்னைக்கு காலைல மொதல்ல ‘குளுக் குளுக்’னு சத்தம், அப்புறம் கருப்பா ஒரு விரல் அளவு தண்ணி, கொஞ்ச நேரத்துல பார்த்தா வெள்ளையா நுரை பொங்குது, சோப்புத்தூள் வாசனையோட. சாக்கடைல எப்படி சோப்புத்தூள்னு முழிச்சிட்டு நின்னேன், மேல வாஷிங் மெஷின் ஓடிட்டு இருந்திருக்கு. பிளம்பர் அண்ணனுக்கு போன் போட்டா அவர் கேட்ட மொத கேள்வியே, "மாடில சொல்லிட்டியாம்மா?"

ரெண்டாவது கரண்ட். தண்ணி பிளக் பாயிண்ட் உயரத்துக்கு வரும், பிரிட்ஜ் காலைத் தொடும்னு தோணினாலே மெயினை அணைச்சிடுங்க, ஆனா மெயின் போர்டுக்குப் போகவே தண்ணில நிக்கணும்னா போகாதீங்க, ஈபிக்கு போன் பண்ணி வெளியில இருந்து கட் பண்ண சொல்லுங்க. சம்ப் (தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டி) மோட்டாரும் ஆஃப், அது ஏன்னு கீழ சொல்றேன்.

ஜாலி மேல பழைய துணியை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சு அது மேல மணல் மூட்டை ஏத்தினா கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா அழுத்தம் ஜாஸ்தின்னா அடுத்த ஓட்டையைத் தேடி வரும், எங்களுக்கு டாய்லெட் கோப்பை வழியா வந்துச்சு. குழந்தைங்க, வயசானவங்களை மேல அனுப்பிட்டு, அரிசி மூட்டை, சர்டிபிகேட், மெத்தை எல்லாத்தையும் தூக்கி வைங்க.

அடைப்பு என் வீட்லயா தெருவுலயான்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி, இதுக்கு பதில் தெரியாமதான் நிறைய பேர் பிளம்பருக்கு காசை அழுதுட்டு கடைசில தெருவுல அடைப்புன்னு வந்து நிப்பாங்க. மூணு மூடியைப் பாத்தா போதும்.

முதல் மூடி, உங்க பாத்ரூம் சுவருக்கு வெளில இருக்குற சின்ன சேம்பர், அதாவது சாக்கடை பைப் வந்து சேருற, மூடி போட்ட குழி. கடப்பாரை நுனியை விட்டு நெம்பி கொஞ்சம் விலக்கி, ஒரு நிமிஷம் தள்ளி நின்னுட்டு அப்புறம் பாருங்க, திறந்த உடனே குனிஞ்சு மூக்கை விடாதீங்க. அது காலியா இருந்து பாத்ரூம்ல தண்ணி நிக்குதுன்னா அடைப்பு பாத்ரூமுக்கும் அந்த சேம்பருக்கும் நடுவுல, அதாவது வீட்டுக்கு அடியில போற பைப்புல. அது பிளம்பர் வேலை. அந்த சேம்பரும் ரொம்பி இருந்தா ரெண்டாவது மூடிக்குப் போங்க, கேட்டுக்குப் பக்கத்துல காம்பவுண்டுக்குள்ள கடைசியா ஒண்ணு இருக்கும். அது காலின்னா ரெண்டு சேம்பருக்கும் இடையில அடைப்பு, அதுவும் நம்ம வேலைதான். அதுவும் ரொம்பி இருந்தா மூணாவது, தெரு மேன்ஹோல். இதை நீங்க திறக்காதீங்க, கனமான மூடி, டிராபிக் வேற, பெரும்பாலும் திறக்காமலே தெரியும், விளிம்புல தண்ணி கசிஞ்சு ஓரமா ஓடும். பக்கத்து வீட்லயும் அதே கதையான்னு ஒரு வார்த்தை கேளுங்க. தெருவே ரொம்பி இருக்கும்போது உங்க பைப்பை எத்தனை தடவை குத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

இன்னொரு சுலபமான அடையாளம் இருக்கு. நீங்க தண்ணி ஊத்தினாதான் ஏறுதுன்னா உங்க வீட்டு அடைப்பு. வீட்ல யாரும் சொட்டு தண்ணி புழங்காம இருக்கும்போதும் தானா ஏறுதுன்னா வெளியில இருந்து வருது. ஒரே ஒரு கிச்சன் சிங்க் மட்டும் நிக்குது மத்ததெல்லாம் போகுதுன்னா அதுக்கு இவ்ளோ பெரிய பதிலே தேவையில்ல, சிங்க்குக்கு கீழ பாட்டில் மாதிரி தொங்குற பாட்டில் டிராப்பைக் கழட்டிக் கழுவுங்க.

சேம்பர் எங்க இருக்குன்னே தெரியலன்னு சொல்றவங்களும் உண்டு. டைல்ஸ் போடும்போது அழகுக்காக மூடி மேலயே டைல்ஸ் ஒட்டிடுறாங்க. எங்க பெரியம்மா வீட்ல கார் நிறுத்துற இடத்துல 6 டைல்ஸை உடைச்சுதான் கண்டுபிடிச்சோம்.

எங்க வீட்ல மழை பெஞ்சா மட்டும்தான் வருது, ஏன்?

சென்னைல சாக்கடை லைன் வேற, மழைநீர் வடிகால் வேற. சாக்கடை லைன் மெட்ரோவாட்டரோடது (சென்னைக் குடிநீர் வாரியம்), மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது. மழைத்தண்ணி சாக்கடை லைனுக்குள்ள போகவே கூடாதுங்கிறதுதான் கணக்கு. நடக்குறது வேற. மொட்டைமாடி தண்ணி இறங்குற பைப்பை நேரா சாக்கடை சேம்பர்ல விட்டிருப்பாங்க, தெருவுல தண்ணி நின்னா நாலு பேர் சேர்ந்து மேன்ஹோல் மூடியைத் தூக்கி விட்டுடுவாங்க, தண்ணி சுழிச்சிட்டு உள்ள போறதைப் பார்க்க திருப்தியாதான் இருக்கும், அது கொஞ்ச நேரத்துல தாழ்வா இருக்குற யாரோ ஒருத்தர் வீட்டு பாத்ரூம்ல எந்திரிக்கும். அந்த யாரோ ஒருத்தர் நாங்கதான்.

பழைய சென்னையோட சாக்கடைத் திட்டமே 1910ல போட்டது, 1961ல ஊர்ல 6.6 லட்சம் பேர் இருப்பாங்கன்னு கணக்கு வச்சு. அதுக்கப்புறம் எவ்வளவோ பெருசாக்கிட்டாங்க, ஆனாலும் அடிப்படை ஒண்ணுதான், கழிவு தானா சரிவுல ஓடி பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகணும், அங்க இருந்து மோட்டார் வச்சு கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துக்கு தள்ளணும். புயல் அன்னைக்கு கரண்ட் போயி பம்பிங் நின்னாலோ, வர்ற தண்ணி பம்பு தள்ளுறதை விட ஜாஸ்தி ஆனாலோ லைன் பூரா ரொம்பி பின்னாடி ஏறும்.

உங்க மொட்டைமாடி பைப் எங்க போகுதுன்னு ஒரு தடவை பாருங்க. சாக்கடைல போச்சுன்னா பிரிச்சு மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்க.

1916க்கா 1913க்கா, எதுக்கு போன் பண்ணணும்?

சாக்கடை, மேன்ஹோல், குடிதண்ணில நாத்தம், இதெல்லாம் மெட்ரோவாட்டர், 1916. மழைத்தண்ணி தேங்குது, மழைநீர் வடிகால் அடைச்சிருக்குன்னா மாநகராட்சி, 1913. மாத்திப் பண்ணினா "அது எங்களுது இல்ல"ன்னு சொல்லுவாங்க, அதுல ஒரு நாள் போயிடும். கம்ப்ளைண்ட் நம்பரை வாங்கி எழுதி வைங்க, அது இல்லாம அடுத்த நாள் பேசினா திரும்ப மொதல்ல இருந்து கதை சொல்லணும். பேசும்போது ‘சாக்கடை பிரச்சனை சார்’னு பொதுவா சொல்லாதீங்க, ‘கடைசி சேம்பர் ரொம்பி இருக்கு, தெரு மேன்ஹோலும் ரொம்பி வழியுது, நாலு வீட்ல எதுக்குது’ன்னு சொல்லுங்க, ஜெட் ராடிங் வண்டியா (தண்ணியை வேகமா பீச்சி அடைப்பு எடுக்குறது) தூர் வாருற வண்டியான்னு அவங்களே முடிவு பண்ண வசதியா இருக்கும். நாலு வீட்டுக்காரங்களும் தனித்தனியா கம்ப்ளைண்ட் போட்டா இன்னும் நல்லது.

மூங்கில் பட்டை, ஆசிட், காஸ்டிக் சோடா, இதெல்லாம் போடலாமா?

மூங்கில் பட்டை நல்லதுதான், பக்குவமா விட்டா. பழைய வீடுகள்ல இருக்குற மண் பைப்புல வெறி புடிச்ச மாதிரி குத்தினா ஜாயிண்ட் விட்டுப் போயிடும், அப்புறம் சாக்கடை வீட்டுக்கு அடியில மண்ணுக்குள்ள கசியும், மரத்து வேர் அந்த விரிசலைத் தேடிக்கிட்டு உள்ள வரும். இப்ப ஸ்பிரிங் கம்பி சுத்துற மெஷின் பிளம்பர்ங்க கொண்டு வர்றாங்க, கேமரா விட்டுப் பாக்குறவங்களும் இருக்காங்க, அடிக்கடி ஒரே இடத்துல அடைக்குதுன்னா கேமராவுக்கு செலவு பண்றது வொர்த்.

ஆசிட் வேண்டாம். நிறைஞ்சு நிக்கிற பைப்புல ஊத்தினா அடைப்பு வரைக்கும் போறதுக்குள்ளயே தண்ணில கரைஞ்சு வீரியம் போயிடும், அடுத்து வர்ற பிளம்பர் அதுல கையை விடுவார். நீங்க ஊத்தியிருந்தா அவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. காஸ்டிக் சோடா தண்ணில பட்டாலே சூடாகும், பிவிசி பைப்புக்கு ஆகாது. அதை விட முக்கியம், ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டீங்கன்னா குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல மூச்சு அடைச்சிடும். பாட்டில்ல வர்ற டாய்லெட் கிளீனர் பலதும் ஆசிட்தான், அதையும் சேர்த்துதான் சொல்றேன்.

அப்படி என்னதான் அடைக்குது?

எங்க லைன்ல புயலுக்கு அப்புறம் பிளம்பர் அண்ணன் கம்பியை சுத்தி இழுத்தப்போ வந்ததை அப்படியே சொல்றேன், சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னா அப்புறம் படிங்க. முதல்ல முடி, ஒரு பூனைக்குட்டி சைசுக்கு. அதுல சிக்கி பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார், குழந்தைக்குத் துடைக்கிற ஈரத்துணி நாலஞ்சு, கரையவே இல்ல, அன்னைக்கு வாங்கின மாதிரி இருந்துச்சு, பாக்கெட்ல பிளஷ் பண்ணலாம்னு போட்டிருக்கானேன்னு கேட்டா அண்ணன், "போட்டவன் வந்து எடுப்பானாம்மா?"ங்கிறார். அது மேல எல்லாம் வெள்ளையா மெழுகு மாதிரி பூசியிருந்தது எண்ணெய், வடை சுட்ட எண்ணெயை சூடா சிங்க்ல ஊத்துறோம்ல அது பைப்புக்குள்ள ஆறி உறைஞ்சு ஒட்டிக்கும். கடைசியா டங்குனு ஒரு சத்தம், உள்ளங்கை அகலத்துக்கு சிமெண்ட் கட்டி. 3 வருஷம் முன்னாடி டைல்ஸ் வேலை நடந்தப்போ கொத்தனார் சட்டியைக் கழுவி பாத்ரூம்லயே ஊத்தியிருக்கார். அந்தக் கட்டி அடியில உக்காந்துகிட்டு மத்ததை எல்லாம் புடிச்சு வச்சிருக்கு. வீட்ல டைல்ஸ் வேலை, பெயிண்ட் வேலை நடந்தா ஜாலியை துணி வச்சு அடைச்சுட்டு ஆரம்பிக்க சொல்லுங்க.

நாப்கின் பத்தி தனியா சொல்லணுமா, பேப்பர்ல சுத்தி குப்பைல போடுங்க.

சரிவு சரியில்லன்னாலும் அடிக்கடி அடைக்கும். 4 இன்ச் பைப்புன்னா 40 அடிக்கு 1 அடி இறக்கம்னு ஒரு பழைய கணக்கு உண்டு. வீட்டைப் பெருசாக்கும்போது புது பாத்ரூமை பின்னாடி கட்டி பைப்பை ஹாலுக்கு அடியில மட்டமா கொண்டு வந்திருந்தா அது ஆயுசுக்கும் தலைவலி.

ஒரு ஆளை உள்ள இறக்கி வாளில அள்ளிட்டா 10 நிமிஷ வேலை, இறக்கலாமா?

கூடாது. ‘அவரே இறங்குறேன்னு சொல்றாரு’ன்னாலும் கூடாது.

மேன்ஹோல், செப்டிக் டேங்க் உள்ள ஹைட்ரஜன் சல்பைடுன்னு ஒரு வாயு சேர்ந்திருக்கும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். நாத்தம் வரலயே, பரவாயில்லன்னு நினைக்கிறதுலதான் ஆபத்து, அளவு ஏறினா அது மூக்கையே மரத்துப்போக வச்சிடும், ஆளுக்கு நாத்தமே தெரியாது, ரெண்டு மூச்சுல விழுந்துடுவாரு. அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். பேப்பர்ல ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ன்னு வர்ற செய்தில ரெண்டாவது, மூணாவது ஆள் பெரும்பாலும் காப்பாத்தப் போனவங்கதான். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பாக்குறது அதை விட மோசம், மீத்தேனும் இருக்கும், வெடிக்கும்.

சட்டமும் தெளிவா இருக்கு. மனிதக் கழிவை மனிதனே அள்ளுறதைத் தடுக்குற 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை சாக்கடைலயோ செப்டிக் டேங்க்லயோ இறக்குறது குத்தம், மொத தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட. வீட்டு ஓனருக்கும் இது பொருந்தும், காண்ட்ராக்டர்தான் இறக்கினாருன்னு கையைக் கழுவ முடியாது. செத்துப்போனவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014ல சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபர்ல அதை 30 லட்சம் ஆக்கிச்சு. வண்டி வச்சு உறிஞ்சுறதுக்கும், ஜெட் வச்சு அடிக்கிறதுக்கும் ஆள் இருக்கு, பான்டிகூட்னு மேன்ஹோல்ல இறங்குற ரோபோவை 2018லயே கேரளாக்காரங்க செஞ்சு ஓட்டிட்டாங்க. எங்க தெருவுல ஒருத்தர் "வண்டி வர 2 நாள் ஆகுமாம், ஒரு ஆளைக் கூட்டியாரேன்"னு கிளம்பினார், எதிர்வீட்டு மாமி கேட்டைப் பூட்டிட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க. வண்டி வந்துது, ரெண்டு நாள் நாங்க பொதுக் கழிப்பிடத்துக்குப் போனோம்.

எங்க ஏரியாவுல பாதாள சாக்கடையே இல்ல, செப்டிக் டேங்க்தான். அது எதுத்தா?

மொதல்ல எப்ப கடைசியா எடுத்தீங்கன்னு யோசிங்க. 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை கசடை எடுக்கணும், ‘எங்க டேங்க் 15 வருஷமா ரொம்பவே இல்ல’ன்னு பெருமையா சொல்றவங்க டேங்க் அடியில ஓட்டைன்னு அர்த்தம், அது பக்கத்து கிணத்துக்கும் போருக்கும் போயிட்டு இருக்கு. வண்டி வேணும்னா 14420க்கு கூப்பிடுங்க. ரோட்டோரம் நம்பர் எழுதிப் போட்டிருக்குற தனியார் லாரின்னா லைசென்ஸ் இருக்கா, எங்க கொண்டுபோய்க் கொட்டுறீங்கன்னு கேளுங்க, பதில் சொல்ல நெளிஞ்சாங்கன்னா ராத்திரி ஏதோ ஏரில கொட்டப்போறாங்க.

மழைக்காலத்துல ஒரு விஷயம். சுத்தி மண்ணெல்லாம் தண்ணி ஊறிக் கிடக்கும்போது டேங்கை முழுசா காலி பண்ணாதீங்க, வெளித் தண்ணியோட அழுத்தத்துல சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் டேங்க்னா படகு மாதிரி மேலயே எழும்பிடும். அதோட, காலி பண்ணின வேகத்துல நிலத்தடித் தண்ணி உள்ள வந்து திரும்ப ரொம்பும், காசு தண்டம். அவசரத்துக்கு பாதி எடுத்துட்டு, தண்ணி வடிஞ்சதும் மீதியை எடுங்க.

சம்ப்ல சாக்கடை கலந்துடுச்சோன்னு சந்தேகமா இருக்கு.

சந்தேகம் வந்தாலே கலந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. சம்ப் மூடிக்கு மேல தண்ணி நின்னிருந்தா கேள்வியே இல்ல. மோட்டார் போடாதீங்க, போட்டா மாடி டேங்கும் கெட்டு பைப் பூரா பரவிடும், அதுக்குத்தான் மேல ஆஃப் பண்ண சொன்னேன்.

தண்ணியை பூரா வெளிய எடுத்து, நீளக் குச்சி பிரஷ் வச்சு சுவரைத் தேய்ச்சு, திரும்ப ரொப்பி 1000 லிட்டருக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், வாளில கரைச்சு சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிஞ்சதை மட்டும் ஊத்தணும், ஒரு நாள் அப்படியே விட்டுட்டு எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க, அந்தத் தண்ணி குடிக்கிறதுக்கோ குளிக்கிறதுக்கோ கிடையாது. அதுக்கு அப்புறம் புதுசா புடிக்கிற தண்ணிக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், ஒரு மணி நேரம் விட்டு எடுக்கலாம். குடிக்கிறதை கொஞ்ச நாளைக்கு தளதளன்னு கொதிக்க வச்சுதான் குடிக்கணும். சாக்கடை வந்த சம்ப்புக்குள்ளயும் ஆள் இறங்கக் கூடாது, அதே வாயுதான். பெட்ரோல் இன்ஜின் பம்பை வீட்டுக்குள்ள வச்சு ஓட்டாதீங்க, புகை வீட்ல தங்கி ஆளைக் கொன்னுடும்.

தண்ணி வடிஞ்சப்புறம் வீட்டை எப்படி கழுவுறது?

கம் பூட்ஸ், கிளவுஸ் போட்டுக்கிட்டு. கால்ல சின்ன வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அது வழியா ஏறும், ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தா டாக்டர்கிட்ட சாக்கடைத் தண்ணில நின்னேன்னு சேர்த்து சொல்லுங்க. டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா எல்லாம் வாய் வழியா வர்றது, அதனால கழுவுற வரைக்கும் அந்த ரூம்ல எதையும் சாப்பிடாதீங்க.

சகதி இருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைத் தூவுறது பிரயோஜனம் இல்ல. மொதல்ல அள்ளி, சோப்புத் தண்ணி ஊத்தித் தேய்ச்சு, அதுக்கு அப்புறம் லிட்டருக்கு 30 கிராம் கரைசலை ஊத்தி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்க, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும். நனைஞ்ச மெத்தை, தலைகாணி, பிளைவுட் அலமாரியோட அடிப் பலகை, தூக்கிப் போட மனசு வராது, ஆனா போட்டுத்தான் ஆகணும். எங்க அம்மா அவங்க கல்யாணத்து இலவம்பஞ்சு மெத்தையை 4 நாள் மொட்டைமாடில காய வச்சுப் பாத்தாங்க, அஞ்சாம் நாள் அவங்களே தூக்கிக் கொடுத்தாங்க. பாத்திரம் பண்டத்தை கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா போதும்.

திரும்ப வராம இருக்க வழி?

கடைசி சேம்பர்ல என்ஆர்வி போடுறது, அதாவது தண்ணி வெளிய மட்டும் போற ஒரு வழி வால்வு. நாங்க போட்டிருக்கோம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு பாத்ரூம் காஞ்சே இருந்துச்சு. ஆனா அது மூடியிருக்குற நேரத்துல உங்க கழிவும் வெளிய போகாது, மாடில ஒருத்தர் குளிச்சாலும் உள்ளுக்குள்ளயே ஏறும், அதனால அன்னைக்கு எல்லாரும் புழக்கத்தைக் குறைக்கணும். 3 மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க, ஒரு துணி சிக்கி வால்வு மூடாம இருந்தா போட்டும் போடாத கணக்குதான். காசு இருந்தா பாத்ரூம் தரையை உயர்த்துறது இன்னும் நல்லது.

வாடகை வீடு, செலவு யாருது?

பைப் உடைஞ்சது, சரிவு சரியில்ல, இதெல்லாம் ஓனர் செலவு. நீங்க ஈரத்துணியைப் போட்டு அடைச்சிருந்தா உங்க செலவு. அக்ரிமெண்ட்ல ஒரு வரி எழுதி வாங்கிடுங்க, இல்லன்னா பிளம்பர் எடுத்த குப்பையை நடுவுல வச்சு ரெண்டு பேரும் பஞ்சாயத்து பண்ணணும்.

எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா நாத்தம் மட்டும் போகல.

புழங்காத பாத்ரூம் எதாவது இருக்கா? ஜாலிக்குக் கீழ டிராப்புல தண்ணி நிக்கிறதாலதான் லைன் நாத்தம் மேல வராம இருக்கு, புழங்கலன்னா அது வத்திடும். வாரத்துக்கு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துங்க. எங்க வீட்ல மூணு மாசமா தேடின நாத்தம் மாடிப்படிக்கு கீழ இருந்த, விளக்கமாறு வைக்கிற கக்கூஸ்ல இருந்துதான் வந்துட்டு இருந்திருக்கு.